குளோரெல்லா பாசியை தண்ணியில இருந்து எப்படிப் பிரிக்கிறது? படிகாரம் போட்டா கோழிக்கு ஆகுமா?

கொங்குக்கோழி:

எல்லாருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம் சின்னதா நாட்டுக்கோழி முட்டைப் பண்ணை வச்சிருக்கேன். வாங்குற எல்லாரும் மஞ்சக்கரு நல்லா செவச்செவன்னு இருக்கணும்னு கேக்குறாங்க, அதுக்கு கடையில விக்கிற கலரைத் தீவனத்துல கலக்க எனக்கு மனசு வரல, அதனால குளோரெல்லா வளர்க்க ஆரம்பிச்சேன். ரெண்டு தார்ப்பாய் தொட்டி, சேர்த்தா 6000 லிட்டர் வரும். வளர்றதுல ஒரு பிரச்சனையும் இல்ல, தண்ணி பச்சைப் பசேல்னு இருக்கு, கையை விட்டா மணிக்கட்டுக்குக் கீழ தெரியல.

பிரச்சனையே அறுவடை தான். காடாத்துணியில ஊத்தினா துணி வழியா அப்படியே பச்சையா இறங்கிப் போகுது, துணியை நாலா மடிச்சா அடைச்சுக்கிட்டு தண்ணியே இறங்க மாட்டேங்குது. ஏர் பம்பை நிறுத்திட்டு ராத்திரி முழுக்க அசைக்காம விட்டா காலையில போய் பார்க்கும்போதும் அதே பச்சை தான். யூடியூப்ல ஒருத்தர் படிகாரம் போட்டு கலக்குறாரு, கொஞ்ச நேரத்துல எல்லாம் திரிஞ்சு அடியில போயிடுது. ஆனா அந்தப் பாசியை கோழிக்குக் குடுக்கலாமா கூடாதான்னு அவரு சொல்லவே இல்ல. சென்ட்ரிஃப்யூஜ், அதான் வேகமா சுத்திப் பிரிக்கிற மெஷின், விலை விசாரிச்சேன், அதை வாங்கணும்னா கோழியையும் பண்ணையையும் சேர்த்து வித்தாகணும். வீட்டுல அப்பா தேத்தாங்கொட்டை உரசிப் போடுங்கிறாரு, மச்சான் முருங்கை விதைங்கிறான். தண்ணி போர் தண்ணி, பயங்கர உப்பு, வாளியெல்லாம் வெள்ளை வெள்ளையா படிஞ்சு கிடக்கும். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

புதுகை ராஜா:

அண்ணே, ஸ்பைருலினாவுக்கு மாறிடுங்க, தலைவலி விட்டுச்சு. அது சுருள் சுருளா நூல் மாதிரி நீளமா இருக்கும், 30ல இருந்து 50 மைக்ரான் வலைத்துணியில ஊத்தினாலே மேல தங்கிடும், எந்த மருந்தும் கலக்க வேண்டாம். எங்க புதுக்கோட்டை பக்கம் ஊனையூர்ல பாரி கம்பெனி வருஷக்கணக்கா பெரிய அளவுல பண்ணிட்டு இருக்காங்க. மஞ்சக்கருவுக்கும் நல்ல கலர் வரும்.

கொங்குக்கோழி:

யோசிச்சேன் தம்பி. அதுக்கு சோடா உப்பு எக்கச்சக்கமா போடணும்னு சொன்னாங்க, செலவு கணக்கு ஒத்து வரல. அதுவும் இல்லாம குளோரெல்லா ஏற்கனவே தொட்டி நிறைய வளர்ந்து நிக்குது, அதை என்ன பண்றது?

குடிநீர்க்காரன்:

நான் தண்ணி சுத்திகரிப்பு பிளான்ட்ல வேலை பார்க்குறேன், எங்களுக்கு பாசி எதிரி, உங்களுக்கு அதுவே சரக்கு, ஆனா ரெண்டு பேரும் பண்ற வேலை ஒண்ணு தான். முதல்ல ஏன் படியலன்னு புரிஞ்சுக்கோங்க. குளோரெல்லா செல் ரெண்டுல இருந்து பத்து மைக்ரான் தான், கனமும் தண்ணியை விட லேசா தான் ஜாஸ்தி, அசையாத தண்ணியில கூட ஒரு நாளைக்கு மூணு நாலு விரக்கடை தான் இறங்கும். அதுக்கு மேல ஒவ்வொரு செல் மேலயும் நெகட்டிவ் சார்ஜ் இருக்கு, பக்கத்துல வந்தா ஒண்ணை ஒண்ணு தள்ளி விட்டுக்கும், ஒட்டவே ஒட்டாது. படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ போட்டா அந்த சார்ஜ் அடிபட்டுப் போகுது, செல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி திரளா ஆகுது. படியுற வேகம் விட்டத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும்ங்கிறதால திரள் பத்து மடங்கு பெருசானா வேகம் கிட்டத்தட்ட நூறு மடங்கு.

ஆனா கோழித் தீவனத்துக்கு படிகாரம் வேண்டவே வேண்டாம். குடிதண்ணிக்கு நாங்க போடுற அளவு உங்களுக்குப் பத்தாது, இவ்வளவு அடர்த்தியான பாசிக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கிட்ட இழுக்கும். அந்த அலுமினியம் தண்ணியோட போகாது, பாசியோட சேர்ந்து அடியில உக்காந்துக்கும். லிட்டருக்கு 400 மி.கி. பாசின்னு வச்சுக்கிட்டா, நீங்க அள்ளுற நூறு கிராமுக்கு ரெண்டுல இருந்து நாலு கிராம் வரைக்கும் அலுமினியம். அலுமினியம் கோழி வயித்துல பாஸ்பரஸைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது, முட்டை போடுற கோழிக்கு அது நல்லதில்ல. ஃபெரிக் போட்டா அந்த அளவு கெடுதல் இல்ல, ஆனா பாசி துருப்பிடிச்ச கலர்ல வரும்.

எதைப் போட்டாலும் தொட்டியில நேரா கொட்டாதீங்க, முதல்ல ஜார் டெஸ்ட் பண்ணுங்க. அஞ்சு தண்ணி பாட்டில், ஒவ்வொண்ணுலயும் ஒரு லிட்டர் பாசித் தண்ணி, மருந்தைப் படிப்படியா கூட்டி ஊத்துங்க. ஊத்தின உடனே ஒரு நிமிஷம் வேகமா கலக்கணும், அப்புறம் பத்து பதினஞ்சு நிமிஷம் மெதுவா, திரள் உடையாத மாதிரி. அப்புறம் அரை மணி நேரம் தொடவே கூடாது. பாட்டிலுக்குப் பின்னால தினத்தாள் பேப்பரைப் பிடிங்க, எதுல எழுத்து படிக்க முடியுதோ அந்த அளவு தான் உங்க அளவு. லேப்ல இந்தக் கலங்கலை மெஷின் வச்சு அளப்பாங்க, உங்களுக்கு பேப்பரே போதும்.

மரக்காணம் ஹேச்சரி:

படிகாரம் வேணாம்னா கைட்டோசான் போடலாமே? இறால் ஓடுல இருந்து எடுக்குறது, தீவனத்துக்கு பயமில்ல. ஆனா எங்க ஹேச்சரியில கீட்டோசெராஸ்ங்கிற கடல் பாசிக்கு போட்டுப் பார்த்தோம், பைசா பிரயோஜனம் இல்ல, ஏன்னு புரியல. யாராவது தெரிஞ்சா எனக்கும் சேர்த்து சொல்லுங்க.

பாசி அக்கா:

நான் பாசி தான் படிச்சேன், இப்பவும் அதே பொழப்பு தான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல மரக்காணம் தம்பிக்கு. கைட்டோசான் நீளமான சங்கிலி, அதுல பாசிட்டிவ் சார்ஜ் இருக்கிறதால தான் பாசியை இழுத்துப் பிடிக்குது. கடல் தண்ணியில உப்பு அவ்வளவு இருக்கும்போது அந்தச் சங்கிலி நீட்டி நிக்காம சுருண்டுக்கும், சார்ஜும் மறைஞ்சு போயிடும், எவ்வளவு ஊத்தினாலும் வீண். 1980கள்லயே இஸ்ரேல்ல சுகெனிக், ஷெலெஃப் குழு சொல்லிட்டாங்க, கடல் பாசிக்கு நன்னீர் பாசியை விட அஞ்சுல இருந்து பத்து மடங்கு மருந்து பிடிக்கும்னு. உங்களுக்குப் பொருந்துற வழி ஒண்ணு 2006ல ஆஸ்திரேலியால வந்துச்சு: காஸ்டிக் சோடா ஊத்தி பிஎச்சை (தண்ணியோட அமில, கார அளவு) 10ல இருந்து 10.6க்குள்ள கொண்டு போய், அப்புறம் சார்ஜ் இல்லாத பாலிமர் ஒண்ணை லிட்டருக்கு அரை மில்லிகிராம் மட்டும் போட்டு திரட்டினாங்க, அப்புறம் பிஎச்சை திரும்ப இறக்கி சிப்பிக் குஞ்சுக்குத் தீனியா குடுத்துப் பார்த்தாங்க. கீட்டோசெராஸும் அதுல உண்டு.

இப்ப கொங்குக்கோழி அண்ணனுக்கு. நன்னீர்ல கைட்டோசான் வேலை செய்யும், ஆனா பிஎச் 6.5 கிட்ட இருந்தா தான் அதோட சார்ஜ் நல்லா நிக்கும். மத்தியானம் பாசித் தொட்டியில பிஎச் 9க்கு மேல போயிருக்கும், உங்க உப்புத் தண்ணியில அதைக் கீழ இறக்கணும்னா ஆசிட் குடம் குடமா ஊத்தணும். அளவு மீறிப் போட்டா செல் எல்லாம் பாசிட்டிவா மாறி திரும்பவும் ஒண்ணை ஒண்ணு தள்ள ஆரம்பிச்சிடும், அது வேற. தேத்தாங்கொட்டை பொடியை குளோரெல்லாவுக்கு போட்டுப் பார்த்த ஆய்வு வந்திருக்கு, அப்பா சொன்னது சும்மா இல்ல. முருங்கை விதையில இருக்கிற புரதமும் பாசிட்டிவ் சார்ஜ் தான், அதுவும் பிடிக்கும். ஆனா தினம் 1500 லிட்டருக்கு விதை உரிச்சு அரைச்சு வடிகட்ட ஆள் வேணும், மிச்ச விதைச் சத்து தண்ணியில கிடந்து நாறும், அந்தத் தண்ணியைத் திரும்ப தொட்டிக்கு விட முடியாது.

உங்ககிட்ட திரட்டுற மருந்து ஏற்கனவே இருக்கு, வாளியில வெள்ளையா படியுதே அந்தத் தண்ணியிலயே. பெல்ஜியத்துல லூவன் பல்கலைக்கழகத்து ஆளுங்க 2012ல குளோரெல்லா வல்காரிஸை வச்சு காட்டினாங்க: பிஎச்சை 10.8 கிட்ட ஏத்தினா தண்ணியில இருக்கிற மக்னீசியம், மக்னீசியம் ஹைட்ராக்சைடா படியும், அது பாசிட்டிவ் சார்ஜ், போற வழியில செல்லை எல்லாம் கூட்டிட்டுப் போயிடும். கால்சியம் இருந்தும் மக்னீசியம் இல்லேன்னா திரளல. தேவையான அளவு லிட்டருக்கு நாலு மில்லிகிராம் கூட இல்ல. நம்ம ஊர் போர்ல அதைப் போல பல மடங்கு இருக்கும்.

பிஎச்சை ஏத்துறதுல பாதி வேலையை பாசியே செஞ்சு குடுக்கும். நல்ல வெயில்ல காத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் நிறுத்திட்டா, தண்ணியில கரைஞ்சிருக்கிற கார்பனை அது இழுத்துத் தின்னுத் தின்னு சாயங்காலம் மூணு நாலு மணிக்கு பிஎச் 9.5, 10 வரைக்கும் தானா ஏறிடும். மிச்சத்துக்குத் தான் காஸ்டிக் சோடா. சுண்ணாம்பும் போடலாம், விலை குறைவு, ஆனா உங்க தண்ணியில பைகார்பனேட் நிறைய இருக்கும், சுண்ணாம்பு போட்டா அத்தனையும் கால்சியம் கார்பனேட்டா கொட்டி பாசியை விட சுண்ணாம்பு தான் ஜாஸ்தியா வரும்.

தண்ணியை ஒரு தடவை டெஸ்ட் குடுத்து மொத்த கடினத்தன்மை, கால்சியம் கடினத்தன்மை, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) மூணையும் இங்க போடுங்க. மொத்தத்துல கால்சியத்தைக் கழிச்சு 0.243ஆல பெருக்கினா மக்னீசியம் வந்துடும்.

குடிநீர்க்காரன்:

அக்கா சொன்னது சரி தான், எங்க பிளான்ட்ல பெரிய கோடையில ஏரித் தண்ணி பிஎச் தன்னால ஏறும்போது ஒண்ணும் போடாமலே பாசி திரண்டு போறதைப் பார்த்திருக்கேன். ஒரு எச்சரிக்கை மட்டும். காஸ்டிக்ல விளையாடாதீங்க. தண்ணியில காஸ்டிக்கைப் போடணும், காஸ்டிக் மேல தண்ணியை ஊத்தக் கூடாது, கொதிச்சு மேல தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பிள்ளைங்க பக்கத்துல வரக் கூடாது. ஜார் டெஸ்டுக்கு ஒரு லிட்டர் தண்ணியில 40 கிராம் காஸ்டிக் செதில் கரைச்சு வச்சுக்கோங்க, அதுல ஒரு மில்லி எடுத்து ஒரு லிட்டர் பாசித் தண்ணியில விட்டா 40 மில்லிகிராம். மனக்கணக்கே போதும்.

கொங்குக்கோழி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். தண்ணி ரிப்போர்ட் வந்துடுச்சு. மொத்த கடினத்தன்மை 620, கால்சியம் கடினத்தன்மை 280, ஆல்கலினிட்டி 380. அக்கா சொன்ன கணக்கு போட்டா மக்னீசியம் 82 வருது, அப்ப ஓகே தானே?

ஜார் டெஸ்டும் பண்ணிட்டேன், நாலு மணிக்கு தொட்டியில இருந்து எடுத்த தண்ணி. ரெண்டு மில்லி, நாலு மில்லி ஊத்தினதுல ஒண்ணுமே ஆகல. ஆறுல லேசா மணல் மணலா தெரிஞ்சது. எட்டுல பாருங்க, பால் திரிஞ்ச மாதிரி பொத பொதன்னு திரண்டு கண்ணு முன்னாடியே கீழ இறங்குது, மேல தண்ணி கண்ணாடி மாதிரி, பேப்பர்ல வரி விளம்பரம் வரைக்கும் படிச்சேன். பத்து மில்லியில இன்னும் நிறைய படிஞ்சிருக்கு, ஆனா பச்சை வெளிறிப் போய் வெள்ளை கலந்து சுண்ணாம்புக் குழம்பு மாதிரி இருக்கு. அது ஏன்?

பாசி அக்கா:

அந்த வெள்ளை தான் இப்ப நான் சொல்ல வந்தது. உங்க தண்ணியில மக்னீசியம் தேவைக்கு இருபது மடங்கு இருக்கு. எட்டு மில்லியில திரண்டுடுச்சு, அதுக்கு மேல ஊத்துற காஸ்டிக் எல்லாம் மிச்ச மக்னீசியத்தைப் படிய வைக்கத் தான் போகுது. முழுசா படிஞ்சா லிட்டருக்கு மக்னீசியம் ஹைட்ராக்சைடு மட்டும் 200 மில்லிகிராம் கிட்ட, கால்சியம் கார்பனேட் அதுக்கு மேல 280 வரைக்கும். உங்க பாசியே 400 தான். கூட்டிப் பாருங்க, பாதிக்கு மேல கல்லு தான் அள்ளுவீங்க. பார்க்க மூட்டை பெருசா இருக்கும், கோழிக்குப் போறது கொஞ்சம்.

கால்சியம் ஒண்ணும் தப்பில்ல, முட்டை போடுற கோழித் தீவனத்துல எப்படியும் மூணரை நாலு சதவீதம் கால்சியம் சேர்க்கத் தான் போறீங்க, கிளிஞ்சல் போடுறதுல கொஞ்சம் மிச்சம்னு வச்சுக்கலாம். மக்னீசியம் தான் கூடினா எச்சம் தண்ணியா போகும், முட்டை அழுக்காகும்.

லேப்ல என்ன செய்வாங்கன்னா திரண்டதுக்கு அப்புறம் கொஞ்சம் ஆசிட் விட்டு பிஎச்சை இறக்கி மக்னீசியத்தைக் கரைச்சு வெளியேத்திடுவாங்க. ஆனா கரைஞ்ச உடனே திரளும் கலைஞ்சு போகும், அப்புறம் சென்ட்ரிஃப்யூஜ்ல தான் பிடிக்கணும். உங்ககிட்ட அது இல்லாததால அந்த வழியை விட்டுடுங்க. அடுத்த தடவை தொட்டி நிரப்பும்போது ஒரு பங்கு போர் தண்ணிக்கு மூணு பங்கு மழைத்தண்ணி விடுங்க. அப்பவும் மக்னீசியம் 20 இருக்கும், தாராளம். ஆல்கலினிட்டி நாலுல ஒண்ணா குறையும், காஸ்டிக்கும் அந்த அளவுக்கு மிச்சம், கல்லும் கம்மி.

இன்னொண்ணு, தொட்டி வயசாகி பாசி வளர்றது நின்னு போனா செல் சளி மாதிரி ஒரு பசையை தண்ணியில விடும். அந்தப் பசை மருந்தை முதல்ல தான் பிடிச்சு வச்சுக்கும், செல்லுக்கு மிச்சம் இருக்காது. அதனால நல்லா வளர்ந்துட்டு இருக்கும்போதே தினம் கால்வாசி எடுத்துட்டு புதுத் தண்ணி விடுங்க. ஆறாயிரத்துல 1500 லிட்டர், உத்தேசமா 600 கிராம் காய்ஞ்ச எடை.

புதுகை ராஜா:

600 கிராமுக்கு இவ்வளவு கூத்தா? ஸ்பைருலினா ஸ்பைருலினான்னு தலைபாடா அடிச்சேன் 😀

பாசி அக்கா:

சிரிக்காதீங்க தம்பி, உலகம் முழுக்க இதே கூத்து தான். பாசியில டீசல் எடுக்குறேன்னு அமெரிக்காவுல 1978ல இருந்து 1996 வரைக்கும் அரசாங்கமே ஒரு திட்டம் நடத்துச்சு, அங்கயும் வளர்த்த பாசியை செலவு குறைச்சு தண்ணியில இருந்து எடுக்குறது பெரிய முட்டுக்கட்டை. அறுவடைக்கு மட்டும் மொத்த செலவுல 20, 30 சதவீதம்னு பொதுவா சொல்லுவாங்க. லிட்டருக்கு அரை கிராம் சரக்கு, மிச்சம் 999 சொச்சம் கிராம் தண்ணி, அதைத் தூக்கிச் சுமக்கிறது தான் செலவு. முதல்ல திரட்டி இருபது முப்பது மடங்கு சுருக்கிட்டா அப்புறம் துணியோ மெஷினோ எதுவா இருந்தாலும் வேலை சின்னது.

கொங்குக்கோழி:

அக்கா, மழைத்தண்ணி கலந்து புதுசா வளர்த்தாச்சு. நீங்க சொன்ன மாதிரியே நாலு மில்லியிலயே திரளுது, 1500 லிட்டருக்கு 240 கிராம் காஸ்டிக் தான் ஆச்சு, கலரும் நல்ல கரும்பச்சை. அடியில நின்ன குழம்பை காடாத்துணியில கட்டித் தொங்க விட்டா இப்ப தண்ணி மட்டும் சொட்டுது, பாசி துணியிலயே நிக்குது.

ஆனா ஒரு விஷயம். ஜார்ல ஒழுங்கா அடியில போனது தொட்டியில பாதி மேல வந்து மிதக்குது. ஆடை கட்டின மாதிரி பச்சையா மேல நிக்குது. காயப் போடுறதையும் சொல்லுங்க, தகர ஷீட்ல வெயில்ல போடலாமா?

பாசி அக்கா:

வெயில்ல தானே படிய விட்டிருக்கீங்க? திரண்டாலும் செல் உயிரோட தான் இருக்கு, வெளிச்சம் பட்டா ஆக்சிஜன் விட்டுக்கிட்டே இருக்கும், அந்தக் குட்டிக் குமிழ் திரளுக்குள்ள மாட்டி மேல தூக்கிடும். பிஎச் ஏறுற வரைக்கும் தான் வெயில் வேணும். காஸ்டிக் விட்டு கலக்கின கையோட நிழல்ல இருக்கிற டிரம்முக்கு மாத்தி கறுப்பு ஷீட் போட்டு மூடுங்க. மாத்தும்போது மோட்டார் வச்சு இறைக்காதீங்க, திரள் உடைஞ்சிடும், மேட்டுல இருந்து குழாய்ல தானா இறங்கட்டும். அப்பவும் மிதந்தா மிதக்கட்டும், தட்டு வச்சு மேலயே வழிச்சு எடுத்துக்கோங்க. பெரிய பிளான்ட்ல அழுத்தத்துல காத்தைக் கரைச்சு விட்டு வேணும்னே மிதக்க வச்சு அள்ளுற முறையும் இருக்கு.

வெயில்ல காய வைக்காதீங்க. மஞ்சக்கரு கலருக்குக் காரணமே பாசியில இருக்கிற லூட்டின்ங்கிற மஞ்சள் நிறமி, வெயில் பட்டா அது போயிடும். நிழல்ல மெல்லிசா பரப்பிக் காய வைக்கலாம், ஆனா உங்க அளவுக்கு ஏன் காய வைக்கணும்? துணியில வடிஞ்ச விழுதை கொஞ்சம் வினிகர் விட்டுப் பிசைஞ்சு, பிஎச் 8க்குக் கீழ வந்துடுச்சான்னு பிஎச் தாளை வச்சுப் பார்த்துட்டு, அன்னைக்கே மாவுத் தீவனத்துல கலந்து போட்டுடுங்க. ராத்திரி தாண்டி வச்சா நம்ம ஊர் சூட்டுக்கு நாறிடும்.

மேல தெளிஞ்ச தண்ணியைக் கீழ விட்டுடாதீங்க. காத்து நல்லா ஓட விட்டா பிஎச் மெதுவா இறங்கும், கார்பன் டை ஆக்சைடு இருந்தா சீக்கிரமே. அப்புறம் தொட்டிக்கே திருப்பி விடலாம். பாஸ்பேட் மட்டும் கால்சியத்தோட சேர்ந்து படிஞ்சு போயிருக்கும், அதை மறக்காம திரும்பப் போடணும்.

மரக்காணம் ஹேச்சரி:

அக்கா அந்த பிஎச் முறையை நாளைக்கே ஒரு பக்கெட்ல பார்க்கப் போறேன். கடல் தண்ணியில மக்னீசியம் லிட்டருக்கு 1300 மில்லிகிராம் இருக்கே, அப்ப எனக்கும் அந்த வெள்ளைக் குழம்பு தான் வருமா?

பாசி அக்கா:

விட்டா வரும். 10.6 தாண்ட விடாதீங்க, காஸ்டிக்கை சொட்டுச் சொட்டா விட்டு மீட்டரைப் பார்த்துக்கிட்டே இருங்க. திரள் கண்ணுக்குத் தெரிஞ்ச உடனே நிறுத்திட்டு பாலிமருக்குப் போங்க. அள்ளின உடனே பிஎச்சை 8க்கு இறக்கிடணும், லார்வாவுக்குப் போற செல் உயிரோட இருக்கணும்ல. மைக்ரோஸ்கோப்ல ஒரு சொட்டு வச்சுப் பார்த்துட்டு எப்படி இருக்குன்னு இங்க எழுதுங்க.